முட்டுக் கொடுக்கும் தோள்

போன ஐப்பசியில் ஒரு மழைநாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு வயல்பக்கம் இறங்கும் மண்சாலையில் ஒரு குட்டியானை வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. மேலே மல்லாட்டை மூட்டைகள். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று சேற்றை வாரி இறைத்ததே ஒழிய வண்டி நகரவில்லை. வழியில் போனவர்களும் பக்கத்து வயலில் இருந்தவர்களுமாக எட்டுப் பேர் கூடிவிட்டோம். வண்டியின் பின்பலகையில் மூன்று பேர் நிற்கத்தான் இடம். மற்றவர்கள் இடுக்கில் கையை நுழைத்துத் தள்ளினோம். ஈரப் பலகையில் உள்ளங்கை வழுக்கியது. கால்கள் பின்னால் சறுக்கிச் சேற்றில் இரண்டிரண்டு கோடுகளாக இழுத்தன. வண்டி அசையவே இல்லை.

எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். இளவயதில் பல வருடம் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர் என்று பிறகுதான் தெரிந்தது. "கையால தள்ளாதீங்கப்பா, கை மடங்கிடும். தோளக் குடுங்க. முதுக நீட்டிப் புடி தம்பி, கூனாத. பின்னால நிக்கிறவங்க முன்னால இருக்கிறவன் இடுப்புல தோள வைங்க. நான் சொல்றப்ப எல்லாரும் ஒண்ணா." மூன்றாவது முறை அவர் குரல் கொடுத்தபோது வண்டி ஒரு குலுங்கு குலுங்கி மேட்டில் ஏறியது.

அதே எட்டுப் பேர்தான், அதே சேறுதான், மூட்டையும் ஒன்றும் இறக்கவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் எவருடைய தசையும் வலுக்கவில்லை. அப்படியானால் அந்தக் கூடுதல் விசை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை ஒரு விளையாட்டின் நடுவில் வைத்துக்கொண்டு நூறாண்டுகளுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ரக்பிக்காரர்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. நம் நாட்டுக்குப் புதியதும் அல்ல. 1872இல் கொல்கத்தாவில் ஆடியிருக்கிறார்கள். மறு ஆண்டே அங்கே ஒரு கழகம் பிறந்தது. சில ஆண்டுகளில் ஆள் குறைந்து அதைக் கலைத்தபோது, வங்கியில் மிஞ்சியிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கைப்பிடிகளாக மூன்று நாகங்கள், மூடிமேல் ஒரு யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். இலங்கையில் இதை றகர் என்பார்கள். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் ஆடிவரும் பிராட்பி கேடய ஆட்டத்துக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும்.

ஆட்டத்தில் பந்தை முன்னால் தவறவிடுவது போன்ற சிறு பிழை நேர்ந்தால், ஸ்கிரம் என்ற ஏற்பாட்டோடு ஆட்டம் மறுபடி தொடங்கும். பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டி நிற்பார்கள். இடையில் உருட்டிவிடப்படும் பந்துக்காக இரு கூட்டமும் தள்ளும். இதைத் திரள்முட்டு என்று சொல்லலாம். முன்வரிசையில் மூவர். அவர்களுக்குப் பின்னால் இருவர், பக்கவாட்டில் ஆளுக்கொருவராக இருவர், கடைசியில் ஒருவர். முன்வரிசையின் நடுவில் இருப்பவர் பந்தைக் காலால் கொத்திப் பின்னுக்கு இழுக்கிறார். அவரைக் கொக்கி வீரர் எனலாம். அவருக்கு இருபுறமும் நிற்பவர்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்கு நேர்ப்பொருள் முட்டு என்பதே. சரியும் சுவருக்கும் குலை தள்ளிய வாழைக்கும் நாம் கொடுக்கும் அதே முட்டு. ஆகவே இவர்கள் முட்டுவீரர்கள். ஒரு வாழைக்கு முட்டுக் கொடுக்கும் மூங்கில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இவர்கள் வேலையில் பாதி புரிந்துவிடும்.

முதலில் காலைப் பார்ப்போம். நாம் ஒன்றைத் தள்ளும்போது கையோ தோளோ தள்ளுவதாக நினைக்கிறோம். பரிசலில் நின்றுகொண்டு பக்கத்துப் பரிசலைத் தள்ளிப் பாருங்கள். அது ஒரு முழம் போனால் நாமும் எதிர்ப்பக்கம் ஒரு முழம் போவோம். காலுக்கடியில் பிடிப்பில்லாதவன் எதையும் தள்ள முடியாது. தரையில் நிற்கும்போது நாம் காலால் பூமியைப் பின்னுக்குத் தள்ளுகிறோம், பூமி அதே அளவு விசையை நமக்குத் திருப்பித் தருகிறது. அந்த விசைதான் உடல் வழியாக ஏறித் தோளுக்கு வந்து வண்டியைத் தள்ளுகிறது. சேற்றில் எங்கள் கால்கள் சறுக்கியபோது அந்த விசையின் ஊற்றே அடைபட்டுப் போயிருந்தது. ரக்பிக்காரர்களின் காலணியடியில் குமிழ்போன்ற ஆணிகள் இருக்கும். அவை ஏர்க்கொழுபோல மண்ணில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது சாய்வு. நிமிர்ந்து நின்று நெஞ்சுயரத்தில் ஒரு பாரத்தைத் தள்ளினால், அந்தப் பாரம் நம்மை எதிர்த்துத் தள்ளும் விசை நம்மைப் பின்னால் மல்லாத்தப் பார்க்கும். ஒன்றைத் திருப்பவோ கவிழ்க்கவோ ஒரு விசைக்கு உள்ள ஆற்றலைத் திருப்புத்திறன் என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. பின்னால் கவிழ்க்கும் அந்தத் திருப்புத்திறனைச் சமாளிக்க நம்மிடம் இருப்பது நம் எடை ஒன்றுதான். காலைப் பின்னால் வைத்து உடலை முன்னால் சாய்த்தால் நம் எடை நம்மை முன்புறம் கவிழ்க்கப் பார்க்கும். இரண்டு கவிழ்ப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டும். சுவரில் சாய்த்த ஏணி சுவரைத் தள்ளிக்கொண்டே இருப்பது இப்படித்தான். ஏணிக்குத் தசையா இருக்கிறது? எடை இருக்கிறது, சாய்வு இருக்கிறது, அது போதும். உடலை விறைப்பாக 45 பாகை சாய்த்துத் தோளை ஊன்றி நிற்பவர், கால் வழுக்காதவரை, தன் எடையில் பாதிக்கு மேற்பட்ட விசையைத் தள்ளும் முயற்சியே இல்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இன்னும் கீழே போனால்? தோள் தரைக்கு நெருங்க நெருங்க எதிர்விசை நம்மைக் கவிழ்க்கும் ஆற்றல் குறைகிறது. கால் பின்னால் போகப் போக நம் எடை முன்புறம் கவிழ்க்கும் ஆற்றல் கூடுகிறது. இரண்டும் நமக்கே லாபம். முட்டுவீரர் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகக் கிடைமட்டமாக நிற்பதன் காரணம் இது. ஆனால் விதி ஓர் எல்லை போடுகிறது: தோள் இடுப்பைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் தள்ளும் விசை தரையை நோக்கித் திரும்பி, முன்வரிசை மூக்குக்குப்புற விழும். அப்போது பின்னாலிருந்து வரும் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும்.

மூன்றாவது, பெரியவர் அழுத்திச் சொன்ன முதுகு. ஒரு தென்னை ஈர்க்கை நிமிர்த்தி வைத்து நுனியில் விரலால் அழுத்துங்கள். நேராக இருக்கும்வரை ஓரளவு தாங்கும். சற்றே வளைந்தால் போதும், அதன்பிறகு மேலும் மேலும் எளிதாக வளைந்து படுத்துவிடும். பொறியாளர்கள் தூண்களைப் பற்றிக் கவலைப்படுவது இந்த நெளிவை நினைத்துத்தான். நம் முதுகெலும்பும் அடுக்கி வைத்த கட்டைகளாலான தூண். இடுப்பிலிருந்து தோள்வரை ஒரு பலகைபோல நேராக இருந்தால் காலின் விசை சிந்தாமல் தோளுக்குப் போய்ச் சேரும். கூன் விழுந்தால் அந்த வளைவே ஸ்பிரிங்போல அமுங்கி விசையைத் தின்றுவிடும். கையால் தள்ளியபோது எங்களுக்கு நடந்தது அதுதான். முழங்கை, மணிக்கட்டு என்று வழியெல்லாம் மடங்கும் இடங்கள். தோளைக் கொடுத்தபோது அந்த இரண்டு மூட்டுகளையும் பாதையிலிருந்தே எடுத்துவிட்டோம். ஆகவே முட்டுவீரரின் பயிற்சியில் பெரும்பகுதி, தலையை நிமிர்த்தி, நெஞ்சை விரித்து, முதுகைச் சமதளமாகப் பிடித்து, எவ்வளவு நெருக்கினாலும் அந்த வடிவத்தை விடாமல் இருப்பதுதான். தசை வலிமை அந்த வடிவத்தைக் காக்கவே முதலில் செலவாகிறது.

முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதற்கு மூட்டை தூக்குபவர்களே சாட்சி. முழுக்கக் குந்திய நிலையிலிருந்து மூட்டையோடு எழுவது பெரும்பாடு. அரைக்குந்தலிலிருந்து எழுவது எளிது. தொடைத் தசை நல்ல விசை கொடுப்பது செங்கோணத்தைவிடச் சற்று விரிந்த மடிப்பில். காலை முழுக்க நீட்டிவிட்டாலோ மேலும் தள்ள மிச்சமே இல்லை.

நான்காவதாக ஒரு நுட்பம் உண்டு. முட்டுவீரர்கள் எதிராளியின் தோளுக்கு ஓர் அங்குலம் கீழே போகத் துடிப்பார்கள். கீழே போனவரின் தள்ளல் சற்றே மேல்நோக்கி இருக்கும். அந்தச் சிறு மேல்விசை எதிராளியின் காலிலிருந்து கொஞ்சம் எடையைக் கழற்றிவிடும், அவருடைய பிடிப்பு குறையும். எதிராளி திருப்பித் தரும் விசையோ இவரைத் தரையோடு அழுத்தும், இவருடைய பிடிப்பு கூடும். ஒரே அசைவில் அங்கே குறைந்து இங்கே கூடுகிறது. இதற்கும் வரம்பு இருக்கிறது. எதிராளியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் தண்டனை. கீழே இழுத்துச் சரித்தாலும் தண்டனை.

இதுவரை இரண்டு முட்டுவீரர்களையும் ஒரே மாதிரி பேசினேன். உண்மையில் அவர்கள் வேலை வேறுவேறு. இரண்டு முன்வரிசைகளும் மோதும்போது தலையோடு தலை இடிக்கக் கூடாதல்லவா? ஒவ்வொருவரும் தம் தலையை எதிராளியின் தலைக்கு இடப்புறமாக நுழைக்கிறார்கள், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல. இப்படிக் கோத்தால் இடது ஓரத்தில் நிற்பவரின் தலை ஒருபக்கம் வெளியே காற்றாட இருக்கும். ஒரு தோளில்தான் பாரம். வலது ஓரத்தில் நிற்பவரின் தலை எதிரணியின் இருவருக்கு நடுவே புதைந்துவிடும், இரண்டு தோளிலும் பாரம். முன்னவரை வெளித்தலை முட்டுவீரர், பின்னவரை உள்தலை முட்டுவீரர் என்று சொல்லிக்கொள்வோம். உள்தலைக்காரர் கிட்டத்தட்ட இரண்டு பேரின் தள்ளலைத் தாங்க வேண்டியவர். ரக்பி அணிகள் நல்ல உள்தலைக்காரரைப் பொன்போலத் தேடுவது இதனால்தான்.

இந்தக் கோப்பிலிருந்து இன்னொரு விளைவும் பிறக்கிறது. ஒவ்வோர் அணியும் எதிரணியைவிடத் தன் இடப்புறம் சற்று விலகி நிற்கிறது. ஆகவே இரண்டு தள்ளலும் நேருக்கு நேராக வராமல் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் எதிரெதிராக வருகின்றன. தண்ணீர்க் குழாயின் பிடியை இரண்டு விரலால் திருகும்போது ஒரு விரல் அந்தப் பக்கமும் மறுவிரல் இந்தப் பக்கமும் தள்ளுகிறது, பிடி சுழல்கிறது. இப்படிப்பட்ட ஜோடியை இயற்பியலில் இரட்டை என்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் திரள்முட்டு கடிகாரத் திசையில் திருகிக்கொள்ளப் பார்க்கும். எந்தப் பயிற்சியாளரும் இதை ஒழிக்க முடியாது, அமைப்பிலேயே இருக்கிறது. பிடியும் காலூன்றலுமாக முட்டுவீரர்கள் நொடிக்கு நொடி அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் ஊகமா, அளந்து பார்த்ததா என்று கேட்பது நியாயம். அளந்திருக்கிறார்கள். மளிகைக் கடையில் மின்தராசு இருக்கிறதே, அதன் தட்டுக்கு அடியில் ஓர் உலோகத் துண்டும் அதன்மேல் ஒட்டிய மெல்லிய தகட்டுச் சுருளும் உண்டு. பாரம் வைத்ததும் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், சுருள் இழுபடும், அதில் மின்சாரம் ஓடுவதற்கான தடை மாறும். அந்த மாற்றத்தைத் தராசு எடையாகக் காட்டுகிறது. இந்தச் சுருளுக்குத் திரிபுமானி என்று பெயர். தோள் முட்டும் மெத்தைகளுக்குப் பின்னால் இவற்றைப் பொருத்தினால் தள்ளலை அளக்கும் தராசு தயார்.

நியூசிலாந்தில் இப்படி ஓர் இயந்திரத்தில் வீரர்களை முதலில் தனித்தனியாகவும் பிறகு எட்டுப் பேர் கொண்ட கூட்டமாகவும் தள்ளவிட்டு, 2000ஆம் ஆண்டில் கணக்கை வெளியிட்டார்கள். ஒரு கிலோ எடையைத் தாங்க ஏறத்தாழ 10 நியூட்டன் விசை வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாள் சராசரியாக 1,420 நியூட்டன் தள்ளினார். அது நூற்று நாற்பது கிலோவுக்கும் மேல், பெரும்பாலும் அவர் எடையைவிட அதிகம். எட்டால் பெருக்கினால் பதினோராயிரத்தைத் தாண்ட வேண்டும். எட்டுப் பேரும் சேர்ந்து தள்ளியபோது வந்ததோ சராசரியாக 7,170. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணோம்!

இதைப் படித்தபோது எனக்குத் தேர்வடம்தான் நினைவுக்கு வந்தது. காரணம், வடம் இழுப்பதை முதலில் அளந்தவர் கண்டதும் இதையேதான். மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880களில் ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் இழுக்கவைத்து அளந்தார். 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் பங்கு குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்குப் பாதிதான் மிஞ்சியது. சோம்பலா, ஒத்திசைவு இல்லாமையா? 1974இல் அமெரிக்காவில் ஒரு குழு இதைப் பிரித்துப் பார்த்தது. ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் மற்றவர்களும் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் மட்டுமே இழுத்தார். ஒத்திசைய ஆளே இல்லாதபோதும் அவர் விசை குறைந்தது. மற்றவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே ஒரு பங்கைக் குறைக்கிறது, மீதியை ஒத்திசைவு இல்லாமை குறைக்கிறது.

திரள்முட்டில் இவற்றோடு உடலின் அமைப்பும் சேர்கிறது. பின்னாலிருப்பவரின் தள்ளல் முன்னவரின் தொடையும் இடுப்பும் முதுகும் கடந்துதான் எதிரணியை அடைய வேண்டும். வழியில் சதை அமுங்கும், இடுப்பு வெளிப்பக்கம் பிதுங்கும். பக்கவாட்டு வீரர் சாய்வாகத் தள்ளுவதால் அவர் விசையில் ஒரு பகுதிதான் முன்னோக்கிப் போகும். ஆனால் அந்தச் சாய்வு வீண் இல்லை. மூங்கில் கட்டுக்கு இறுக்கிய கயிறுபோல அது முட்டுவீரரை உள்ளே நெருக்கிப் பிடிக்கிறது. கொக்கி வீரரின் முதுகைச் சுற்றி முட்டுவீரர்கள் போடும் கைப்பிடிக்கும் அதே வேலைதான். வடம் இழுப்பதிலிருந்து திரள்முட்டு வேறுபடுவது இங்கேதான். திருவண்ணாமலைக் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தில் மனிதர் தனித்தனியாக வடம் பிடிக்கலாம். ஒருவர் கை நழுவினால் பக்கத்தவருக்கு அடிபடாது. திரள்முட்டில் ஒருவர் இடுப்பு விலகினால் எட்டுப் பேரின் பாதையும் அங்கே உடைகிறது.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில், உலக ரக்பி அமைப்பின் உதவியோடு நடந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. அது காயங்களைப் பற்றியது. பழைய முறையில் இரு அணிகளும் இடைவெளி விட்டுக் குனிந்து, நடுவர் சொன்னதும் பாய்ந்து மோதும். சர்வதேச ஆண்கள் அணி இயந்திரத்தில் மோதியபோது அந்த நொடியின் உச்ச விசை 16,500 நியூட்டன் அளவுக்குப் போனது. ஒன்றரை டன்னுக்கும் மேல். மோதியபின் நிலையாகத் தள்ளும்போது அதில் பாதிதான், 8,300 அளவு. பெண்கள் அணிகளில் மோதலின் உச்சம் 8,700. உச்சம் ஏன் இவ்வளவு? மேலிருந்து விழும் தேங்காயைக் கையை இறக்கியபடி வாங்கினால் வலிக்காது, விறைத்துப் பிடித்தால் எலும்பு அதிரும். வேகம் அற்றுப்போக எடுக்கும் நேரம் குறுகினால் விசை எகிறும். பாய்ந்து மோதினால் எண்ணூறு கிலோ மனிதத் திரளின் வேகம் கண்ணிமைப்பதற்குள் முன்வரிசையின் தோளிலும் கழுத்திலும் அற்றுப்போக வேண்டும். கழுத்து முறிந்து வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்கும் இளைஞர்களை இந்த ஆட்டம் கண்டிருக்கிறது. விளையாட்டில் இது தலைவிதி என்று விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. ஆய்வாளர்களும் விடவில்லை. முட்டுவீரர்கள் எதிராளியின் சட்டையை முதலில் பற்றிக்கொண்டு, நெருங்கி நின்று, பிறகு முட்டினால் என்ன ஆகும் என்று அளந்தார்கள். உச்ச விசை சுமார் கால்பங்கு குறைந்தது. நிலையான தள்ளலில் அவ்வளவு இழப்பில்லை. 2013இல் விதி மாறியது. குனி, பிடி, முட்டு என்று நடுவர் மூன்று சொல் சொல்கிறார்.

பிடிக்கும் முட்டுக்கும் இடையிலும் ஓர் ஆபத்து மிஞ்சியது. பின்னாலிருக்கும் ஐவரின் சாய்வு, முட்டுவதற்கு முன்பே முட்டுவீரர்களின் தலை வழியாக எதிராளியின் தோளில் இறங்கத் தொடங்கியது. 2022இல் அதற்கும் வழி வந்தது. கொக்கி வீரர் ஒரு காலை முன்னால் ஊன்றி, நடுவர் சொல்லும்வரை அந்தப் பாரத்தைத் தாங்கி நிற்க வேண்டும். தேர்ச் சக்கரத்துக்கு முன் வைக்கும் கட்டை செய்யும் வேலையை அங்கே ஒரு மனிதக் கால் செய்கிறது. இந்த விதிகள் நம்மவர்களுக்கும் உரியவை. அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் அணி தன் முதல் வெற்றியைப் பெற்றது 2019இல், மணிலாவில் சிங்கப்பூருக்கு எதிராக, 21-19. இப்போது நம் பெண்கள் திரள்முட்டில் குனியும்போது, அவர்கள் கழுத்தை இந்த அளவீடுகளும் சேர்ந்து காக்கின்றன.

அன்று வண்டி ஏறிய சில நாள் கழித்து, அதே திண்ணையில் அந்தப் பெரியவருக்கு என் கைப்பேசியில் ஓர் ஆட்டத்தைக் காட்டினேன். அவர் ரக்பி பார்த்ததே இல்லை. பந்தை அவர் கவனிக்கவில்லை. முன்வரிசை பிணைவதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு திரையில் வலது ஓரத்து ஆளின்மேல் விரலை வைத்தார்.

"இவனுக்குத்தான் ரெண்டு தோள்லயும் பாரம். பாவம், இவன மாத்தி விடுவாங்களா?"

மாற்றுவார்கள் என்றேன். 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசைக்கென்றே மூன்று மாற்று வீரர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். வேறு இடத்தில் ஆடுபவரை இங்கே நிறுத்த முடியாது. பழகிய ஆள் இல்லாமல் போய்விட்டால் நடுவர் தள்ளுவதையே நிறுத்திவிடுவார், இரண்டு அணியும் பிணைந்து சும்மா நிற்க வேண்டியதுதான்.

"அப்படித்தான் இருக்கணும்," என்றார் பெரியவர். "பழகாதவன சக்கரத்துக்கிட்ட விடமாட்டோம்."